வெல்டிங் வாயுவின் நியாய விலை: வீட்டுப் பட்டறைக்காரரின் உரிமைகள்

சமையல் எரிவாயு சிலிண்டரின் விலை ஒவ்வொரு முறை மாறும்போதும் செய்தியில் வந்துவிடுகிறது. ஆர்கான், ஆக்சிஜன், அசிட்டிலீன், கார்பன் டை ஆக்சைடு ஆகியவற்றின் விலை எங்கும் அச்சிட்டுக் கிடைப்பதில்லை. கடைக்காரர் சொல்வதுதான் விலை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாரம் பத்து சிலிண்டர் எடுக்கும் பட்டறைக்கு ஒரு விலை. ஓய்வு நேரத்தில் மொட்டைமாடியில் இரும்பு நாற்காலி செய்பவருக்கும், பழைய புல்லட்டின் சைலன்சரைத் தாமே ஒட்டிக்கொள்பவருக்கும் வேறு விலை. இந்த வேறுபாடு முழுவதும் ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. ஒரு சிலிண்டரை ஏற்றி இறக்கும் கூலியும், அது திரும்பி வரும்வரை முடங்கிக் கிடக்கும் முதலும் கடைக்காரருக்கு உண்மையான செலவுகளே. அந்தச் செலவு எவ்வளவு, வாங்குபவரின் அறியாமைக்காகக் கூட்டிய விலை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

அப்படிப் பார்த்தால் முதலில் தெரிவது, சிறு அளவில் வாங்குபவர் வாயுவைவிட உருளைக்கே அதிகம் கொடுக்கிறார் என்பது. பெரும்பாலான கடைகளில் டெபாசிட் வாங்கிக்கொண்டு சிலிண்டர் தருவார்கள். குறிப்பிட்ட சில நாட்கள் வாடகை இராது. அதன்பின் நாள்கணக்கில் வாடகை ஏறும். நாளுக்கு 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், மூன்று மாதம் மூலையில் நிற்கும் சிலிண்டர் 900 ரூபாய் தின்றுவிடும். தினமும் வேலை செய்யும் பட்டறையில் சிலிண்டர் சில நாளில் காலியாகிவிடும். வீட்டில் அது மாதக்கணக்கில் நிற்கும். ஆகவே ரீஃபில் விலையை மட்டும் கேட்டுவிட்டு வருவது பாதிக் கணக்கு. வாயு, வாடகை, வண்டிக்கூலி, வரி எல்லாவற்றையும் கூட்டி, உண்மையில் பயன்படுத்தப்போகும் கனமீட்டரால் வகுத்தால் வருவதே விலை. இரண்டு கடைகளை ஒப்பிட வேண்டியது அந்த எண்ணை வைத்துத்தான். டெபாசிட் அந்தக் கணக்கில் சேராது. ஆனால் அது முழுதாகத் திரும்புமா, ஆண்டுக்கு இவ்வளவு என்று கழிப்பார்களா என்பதை முன்பே எழுத்தில் வாங்க வேண்டும்.

அளவைப் பொறுத்தவரை, இந்தியாவில் ஆர்கானும் ஆக்சிஜனும் வரும் பெரிய சிலிண்டரின் நீர்க் கொள்ளளவு சுமார் 47 லிட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அழுத்தத்தில் அதில் 7 கனமீட்டர் வாயு அடங்கும். 10 லிட்டர் சிறு சிலிண்டரில் 1.5 கனமீட்டர். டிக் வெல்டிங்கில் நிமிடத்துக்கு 8 லிட்டர் ஓடினால் பெரியது 14 மணி நேரத்துக்கு மேலும், சிறியது மூன்று மணி நேரமும் வரும். சிறு சிலிண்டரின் மொத்த விலை குறைவாக இருந்தாலும், கனமீட்டர் கணக்கில் பெரும்பாலும் அதுவே அதிகம். மாதம் ஒருமுறை தொடுபவருக்கு வாடகை இல்லாத சொந்தச் சிறு சிலிண்டர் லாபமாகலாம். வாரந்தோறும் வேலை செய்பவருக்கு அப்படி ஆகாது.

அளவு குறைந்திருக்கிறதா என்பதைக் கடையிலேயே பார்த்துவிட முடியும். ஆர்கானும் ஆக்சிஜனும் வாயுவாகவே அடைபட்டிருப்பவை. ரெகுலேட்டரின் முள் 150-க்குப் பதில் 100 காட்டினால் மூன்றில் ஒரு பங்கு இல்லை என்று பொருள். வெயிலில் நின்ற சிலிண்டர் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். கார்பன் டை ஆக்சைடுக்கு இந்த வழி பயன்படாது. அது உள்ளே திரவமாக இருக்கிறது. திரவம் தீரும்வரை முள் இறங்காது. 31 டிகிரியைத் தாண்டினால் திரவ நிலையே இல்லாமல் போய்விடுவதால், நம் ஊர் வெயிலில் முள் சொல்வதை வைத்து எதுவும் தீர்மானிக்க முடியாது. அதை எடை போட்டே வாங்க வேண்டும். வெற்று எடை சிலிண்டரின் தோள்பகுதியில் பொறித்திருக்கும்; மொத்த எடையிலிருந்து அதைக் கழித்தால் வாயுவின் எடை. அசிட்டோனில் கரைந்து வரும் அசிட்டிலீனுக்கும், அதாவது கடைமொழியில் டிஏ கேஸுக்கும், தராசுதான் வழி. எடை போட மறுக்கும் கடையில் வாங்காமல் இருப்பது நல்லது.

தேவைக்கு மீறிய தரத்தை விற்பதும் விலையேற்றத்தின் ஒரு வடிவம். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், ஆர்கான் ஒரு சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. ஆர்கான் விலை கூடுதலாக இருப்பதன் முதற்காரணம் அதுவே. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் அலுமினியத்தையும் டிக்கில் ஒட்ட 99.99 சதவீதத் தூய்மை போதும், ஆய்வுக்கூடத்துக்கான 99.999 வீட்டுப் பட்டறைக்கு வேண்டாம். சாதாரண இரும்பை மிக் வெல்டிங்கில் ஒட்ட வெறும் கார்பன் டை ஆக்சைடே ஆகும். தெறிப்பு கொஞ்சம் கூடும், செலவு நன்றாகக் குறையும். கேட்டும் கிராதியும் செய்பவருக்கு ராடு வெல்டிங்கே போதுமானால் வாயுச் செலவே இல்லை.

அடுத்தது பில். வெல்டிங் வாயுக்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். பதிவுபெற்ற பட்டறை அதை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெறும். பொழுதுபோக்காகச் செய்பவர் தலையில் அது முழுதாக நிற்கும். விலை கேட்கும்போதே வரி சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்பது அதனால்தான். ஜிஎஸ்டி பதிவு எண் இல்லாத கடை வரி என்று எதுவும் வசூலிக்கக் கூடாது. திருப்பித் தர வேண்டிய டெபாசிட், விலையில் கழித்துக்கொள்ளப்படாதவரை வரிக்கு உட்பட்டதல்ல. டெபாசிட் ரசீதில் சிலிண்டர் எண் இருக்க வேண்டும். காலி சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்கும்போது தேதியிட்ட சீட்டு வாங்க வேண்டும்; பின்னாளில் வாடகைத் தகராறு வந்தால் அந்தத் துண்டுச்சீட்டுதான் சாட்சி.

வாடகையிலிருந்து தப்பப் பழைய சிலிண்டர் வாங்குபவர்கள் பலர். இதில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். எரிவாயு உருளைகள் விதிகள், 2016-இன்படி ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் அங்கீகாரம் வேண்டும். ஆர்கான், ஆக்சிஜன் சிலிண்டர்களுக்குப் பொதுவாக ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனையும் வேண்டும். வரிசை எண், கொள்ளளவு, கடைசிச் சோதனைத் தேதி எல்லாம் தோள்பகுதியில் பொறித்திருக்கும். சான்றிதழ் இல்லாத சிலிண்டரை எந்த முறையான நிரப்பு நிலையமும் நிரப்பாது. அப்படி மறுப்பது கடைக்காரரின் அடாவடி ஆகாது, சட்டம் அவருக்கு விதித்த கடமை. வேறு வாயுவுக்கான சிலிண்டருக்கு நிறம் மாற்றி விற்பது உயிரோடு விளையாடுவது. ஆர்கானுக்கு நீலம், அசிட்டிலீனுக்கு அரக்கு, தொழிற்சாலை ஆக்சிஜனுக்குக் கறுப்பு என்பது முறை. புதுப் பெயின்ட் அடித்த பழைய உருளையில் பொறிப்பு எழுத்துகளைச் சுரண்டியாவது படித்துவிட வேண்டும்.

மலிவு விலைக்குப் பின்னால் இருக்கும் பெரிய ஆபத்து, பெரிய சிலிண்டரிலிருந்து சிறியதற்குக் குழாய் வைத்து ஏற்றிக் கொடுப்பது. உரிமம் இல்லாமல் நிரப்புவது குற்றம். அசிட்டிலீனை அப்படி ஏற்றுவது வெடிப்பை வரவழைப்பது. ஒரு வளிமண்டல அளவுக்குச் சற்று மேலே அழுத்தம் போனாலே அது காற்றில்லாமலும் சிதையக்கூடியது. ஆக்சிஜன் வால்வில் ஒரு துளி எண்ணெய் போதும், தீப்பிடிக்க. வண்டிக்கூலியை மிச்சம்பிடிக்க மொபெட்டின் முன்னால் சிலிண்டரைக் கட்டி வருவது ஊரெங்கும் காணும் காட்சி. நிரம்பிய சிலிண்டரை இருசக்கர வாகனத்தில் ஏற்றுவதை அதே விதிகள் தடை செய்கின்றன. வீட்டுச் சமையல் சிலிண்டரை வெட்டு வேலைக்குப் பயன்படுத்துவதும் சட்ட விரோதமே.

உரிமை என்று வரும்போது பொழுதுபோக்குக்காக வாங்குபவரின் நிலை வலுவானது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை விலக்கினாலும், சொந்த உபயோகத்துக்கு வாங்குபவர் முழு நுகர்வோர். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் வாங்கும் தனி வெல்டரும் நுகர்வோரே. தொழிற்சாலைக்கு மட்டுமே சட்டம் என்று கடையில் சொன்னால் அது தவறு. பில் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. இந்த ரெகுலேட்டரை வாங்கினால்தான் வாயு என்று கட்டாயப்படுத்துவது கட்டுப்படுத்தும் வணிக நடைமுறைக்குள் வரும். அளவுக்கு மீறிய டெபாசிட் கேட்கும் ஒப்பந்தத்தை அதே சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்கிறது. அந்த வகைப் புகாரை மாநில ஆணையத்தில் தாக்கல் செய்ய வேண்டும்.

தகராறு வந்தால் முதலில் கடைக்கு எழுத்தில் கேட்க வேண்டும். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவும் தாக்கல் செய்யலாம். குறை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் செய்துவிட வேண்டும். எடை, அளவு குறைவுக்குத் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவை அணுகலாம். காலாவதியான சிலிண்டர், உரிமமில்லா நிரப்புதல் ஆகியவற்றைச் சென்னையில் உள்ள பெசோ அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் புகாருடன் சிலிண்டர் எண்ணும், பொறிப்பின் புகைப்படமும், பில்லும் சேர்த்தால் விசாரணைக்கு ஆதாரம் கையோடு இருக்கும்.