நனைந்தால் மீத்தேன், காய்ந்தால் கரியமில வாயு

கிழக்கு இங்கிலாந்தின் ஹோம் ஃபென் சதுப்பில் ஓர் இரும்புத் தூண் நிற்கிறது. பக்கத்து விட்டில்சி ஏரியை 1850களின் தொடக்கத்தில் வடித்து விளைநிலமாக்கியபோது, தலை தரைமட்டத்தோடு இருக்கும்படி அதைப் புதைத்தார்கள். இன்று சுமார் 4 மீட்டர் வெளியே தெரிகிறது. இறங்கியது மண். அது பீட் மண். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீரில் ஊறி, முழுதும் மட்காமல் சேர்ந்த தாவர மிச்சம். நீர் போனதும் கொஞ்சம் சுருங்கி அமுங்கியது. காற்று கிடைத்த நுண்ணுயிர்கள் இன்னொரு பங்கைத் தின்று கரியமில வாயுவாக்கின. உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 3 சதவீதமே உள்ள பீட் நிலங்களில், எல்லாக் காடுகளின் மரஞ்செடிகளில் இருப்பதைவிட அதிகக் கரிமம் அடங்கியிருக்கிறது.

அப்படியானால் வடிகாலை அடைத்து மறுபடி நீரைத் தேக்கிவிடலாமே என்று தோன்றும். தேக்கினால் வேறொரு கூட்டம் வேலையைத் தொடங்குகிறது. நீர்மட்டத்துக்குக் கீழே, ஆக்சிஜன் எட்டாத இடத்தில் வாழும் ஆர்க்கியா வகை நுண்ணுயிர்கள், மற்ற பாக்டீரியாக்கள் தாவரங்களைச் சிதைத்து விட்டுவைக்கும் அசிட்டேட்டையும் ஹைட்ரஜனையும் கொண்டு மீத்தேன் தயாரிக்கின்றன. சாண எரிவாயுக் கலனுக்குள் நடப்பதும் இதுவே. ஆனால் உண்டான மீத்தேன் முழுவதும் வெளியே வந்துவிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, காற்றும் மீத்தேனும் சந்திக்கும் மெல்லிய அடுக்கில், மீத்தேனையே உண்டு வாழும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. சதுப்பில் வளரும் ஸ்பேக்னம் பாசியின் நீர் நிறைந்த உயிரற்ற செல்களுக்குள்ளும் அவை குடியிருக்கின்றன. அவை வெளியிடும் கரியமில வாயுவில் ஒரு பகுதியை அந்தப் பாசியே எடுத்துக்கொள்கிறது! தரைக்கு மேல் நீர் நின்றால் இந்த அடுக்கு ஒடுங்கிவிடும். கோரைகள் வளர்ந்திருந்தால் இன்னும் சிக்கல். அவற்றின் தண்டிலுள்ள காற்றறைகள் வழியே மீத்தேன் நேரே வெளியேறிவிடும். (நெல் வயலில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் மீத்தேன் குறைவதும் இந்த நுண்ணுயிர்க் கணக்கினால்தான்.)

மீத்தேன் 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு சூடேற்றுகிறது. ஆகவே பீட் நிலத்தை நனைப்பது கொதிக்கிற எண்ணெய்க்குப் பயந்து எரிகிற அடுப்பில் விழுந்த கதை என்கிறார்கள் சிலர். சத்து மிகுந்த பழைய வயல்களை மூழ்கடித்தால் முதல் சில ஆண்டுகள் மீத்தேன் எக்கச்சக்கமாக வருவதும் உண்மை. ஆனால் காற்றில் மீத்தேனின் ஆயுள் பத்தாண்டு அளவுதான். ஒரே அளவில் வந்துகொண்டிருந்தால் அது உண்டாக்கும் வெப்பம் ஒரு கட்டத்தில் பெரும்பாலும் நிலைத்துவிடும். கரியமில வாயுவோ ஆண்டுக்கு ஆண்டு குவிந்துகொண்டே போகும். தவிர, வடித்த நிலம் மீத்தேனே விடாது என்பதும் பிழை. அதன் வடிகால்களே மீத்தேனை விடுகின்றன.

எனவே எவ்வளவு நீர் என்பதுதான் கேள்வி. ஆய்வாளர் கிறிஸ் எவான்ஸ் குழுவினர் 2021ல் 'நேச்சர்' இதழில் விடை சொன்னார்கள்: ஆழமாக வடித்த நிலத்தில் நீர்மட்டத்தை 10 செ.மீ. உயர்த்தும்போதெல்லாம் ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் குறைந்தது 3 டன் கரியமில வாயுவுக்கு ஈடான பாதிப்பு குறைகிறது. தரைக்குக் கீழே சுமார் 10 செ.மீ. வரை உயர்த்தினாலும் நன்மையே. அதற்கும் மேலே போனால்தான் மீத்தேன் கணக்கைக் கெடுக்கிறது. இந்தோனேசியச் சட்டம் சாகுபடி நடக்கும் பீட் நிலத்தின் நீர்மட்டத்துக்கு வைத்திருக்கும் எல்லை தரைக்குக் கீழே 40 செ.மீ. தீயைத் தடுக்க அது உதவலாம்; மண்ணைக் காக்கப் போதாது.