எஃகு உலைத் தூசு: நஞ்சினுள் ஒரு கனிவளம்

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணியில் எஃகு உலைகள் இல்லை. ஆயினும் அவ்வுலைகள் உமிழும் நச்சுத்தூசோடு அவ்வூருக்கும் தொடர்பு உண்டு. தறிக்கூடத்தின் மேல் வேய்ந்த துத்தநாகப் பூச்சுத் தகடு துருவேறிப் போனால் பழைய இரும்புக் கடையை அடைகிறது. அங்கிருந்து உருக்காலைக்குச் சென்று புதிய கம்பியாகிறது. அவ்வகையில் இரும்பு வீணாவதில்லை. தகட்டின் மேலிருந்த துத்தநாகம் என்ன ஆகிறது என்பதை நாம் கேட்பதே இல்லை.

இரும்பு உருக 1538 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். துத்தநாகமோ 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஆகவே மின்வில் உலையில் கழிவிரும்பு உருகி முடியும் முன்னரே அதன் மேற்பூச்சு ஆவியாக எழுகிறது. காரீயமும் காட்மியமும் அதனுடன் சேர்ந்து வெளியேறுகின்றன. மேலே எழும் ஆவி உயிர்வளியோடு கூடிக் குளிர்ந்து, நுண்துகள்களாகப் புகைக்குழாயில் பாய்கிறது. துணிப்பை வடிகட்டிகள் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. ஒரு டன் எஃகுக்கு ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ வரை இப்பழுப்புத் தூசு சேரும். பூச்சுத் தகடுகளை மிகுதியாக உருக்கும் உலைகளில், தூசின் எடையில் 20 முதல் 35 விழுக்காடு வரை துத்தநாகமாகவே இருக்கும்.

இத்தூசின் நுண்மையே அதன் முதல் தீங்கு. பட்டுக்கூட்டிலிருந்து பிரியும் ஒற்றை இழையின் தடிமன் ஏறத்தாழ 10 முதல் 15 மைக்ரோமீட்டர். உலைத்தூசின் துகள்களிற் பெரும்பாலானவை அவ்விழையினும் நுண்ணியவை. ஒரு மைக்ரோமீட்டரை எட்டாதனவும் பல. மூக்கும் தொண்டையும் இவற்றைத் தடுக்க இயலா. நுரையீரலின் காற்றறைகள் வரை இறங்கும் காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குலைக்கும். காட்மியம் சிறுநீரகத்தைச் சிதைக்கும். திறந்த வெளியில் குவித்தாலோ மழைநீர் இவற்றைக் கரைத்து மண்ணுக்குள் இறக்கும்.

குவித்து வைப்பதன் விளைவை ஆரணிக்கு வடக்கே உள்ள இராணிப்பேட்டை நன்கறியும். அங்கு மூடப்பட்டுவிட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை இரண்டு இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவை விட்டுச் சென்றது. அதிலிருந்து கசிந்த குரோமியம் நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது. ஆலை நின்று பல்லாண்டுகள் ஆன பின்னும் கசிவு நிற்கவில்லை. அது உலைத்தூசு அன்று. எனினும் துருப்பிடிக்காத எஃகு வார்க்கும் உலைகளின் தூசிலும் குரோமியம் உண்டு. இராணிப்பேட்டை புகட்டிய பாடம் அவ்வுலைகளுக்கும் உரியது.

மீட்கும் வழி தெளிவாகவே உள்ளது. தூசிலுள்ள துத்தநாகத்தில் ஒரு பகுதி இரும்போடு இறுகப் பிணைந்திருப்பதால் மென்காடியில் எளிதில் கரையாது. கரியும் கடுவெப்பமும் வேண்டும். 1920களில் செருமனியில் ஆலை அளவுக்கு வளர்ந்த வேல்சு முறையில், தூசைக் கல்கரித் தூளோடு உருண்டைகளாக்கிச் சாய்வாகச் சுழலும் நீண்ட உலைக்குள் இடுவர். ஏறத்தாழ 1000 முதல் 1200 பாகை வெப்பத்தில் கரி உயிர்வளியைப் பறித்துக்கொள்ள, துத்தநாகம் ஆவியாக எழும். மேலே காற்றோடு கலந்து மீண்டும் ஆக்சைடாகும். அதைப் பிடித்து, குளோரைடு நீங்கக் கழுவி, துத்தநாக ஆலைக்கு அனுப்புவர். இரும்பு கசடாகத் தங்கிவிடும்.

துத்தநாகத்தை ஆவியாக்கிப் பிடிக்கும் இக்கலை நம் நாட்டுக்குப் புதிதன்று. இராசத்தானின் சாவரில், கத்தரிக்காய் வடிவ மண்குடுவைகளைத் தலைகீழாக அடுக்கி, கீழ்நோக்கி இறங்கும் ஆவியைக் குளிர்வித்துத் துத்தநாகம் வடித்தனர். ஐரோப்பாவில் வில்லியம் சாம்பியன் 1738இல் இதற்குக் காப்புரிமை பெறுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அவ்வுலைகள் எரிந்தன.

மீட்க இயலாத எச்சத்தைச் சிமெண்டு, சுண்ணாம்பு கொண்டு இறுக்கி, கசிவுச் சோதனையில் தேறிய பின், அடித்தளக் காப்பிட்ட புதைகுழியில் இட வேண்டும். அத்தகைய பொதுப் புதைகுழி ஒன்று கும்மிடிப்பூண்டியில் உள்ளது. 2016ஆம் ஆண்டின் தீங்குறு கழிவு விதிகளும் தடுப்பு, குறைப்பு, மறுபயன்பாடு, மறுசுழற்சி, மீட்பு ஆகியவற்றை முன்வைத்து, புதைப்பை இறுதியில் வைக்கின்றன; ஆலை வளாகத்தில் கழிவைத் தேக்கிவைக்கப் பொதுவாக 90 நாள் வரம்பும் இடுகின்றன.

சிற்றாலைகளின் நிலை வேறு. சுழல் உலையைத் தனித்து நிறுவுமளவுக்கு ஒவ்வொன்றிலும் தூசு சேர்வதில்லை. ஆனால் தனித்து முடியாததைச் சேர்ந்து முடித்த முன்மாதிரி இம்மாநிலத்திலேயே உண்டு. பாலாற்றுப் படுகையின் தோல் பதனிடுவோர் கழிவுநீருக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்தனர். அவ்வாறே உலைத்தூசுக்கும் பொது மீட்பு ஆலை அமைத்தல் வேண்டும். தூசைச் சிந்தாமல் மூடிய வண்டியில் ஏற்றுவதும், அதைக் கையாளும் தொழிலாளிக்குத் தக்க முகக்கவசம் அளிப்பதும் அதற்கு முன்னரே, இன்றே நடக்க வேண்டியவை. துத்தநாகத்தை மீட்டால் சுரங்கத்தில் அகழும் தாதுவின் தேவை அவ்வளவுக்குக் குறையும். மீட்காமல் குவித்தால் அதன் செலவைக் கிணற்று நீரைக் குடிப்போர் உடல்நலத்தால் செலுத்துவர்.