எஞ்சினைத் தூக்கும் ஆயிலில் காற்று புகுந்தால்

சென்னையில் பெருங்குடியைச் சுற்றித் தேங்கும் மழைநீரில் பெரும்பகுதி பள்ளிக்கரணைச் சதுப்பு, ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய் என்று தெற்கே இறங்கி, முட்டுக்காட்டு முகத்துவாரத்தில்தான் கடலைச் சேர வேண்டும். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் அந்த வழி திணறியது. வேளச்சேரி, பள்ளிக்கரணைத் தெருக்களுக்குள் படகுகள் வந்தன. தெருவில் படகு ஓட்டுகிறவருக்கு ஆழம் போதாததுதான் பெரிய தொல்லை. கலங்கல் தண்ணீருக்கடியில் சென்டர் மீடியன் கண்ணுக்குத் தெரியாது. பட்டனை அழுத்தியதும் படகின் பின்னால் தொங்கும் எஞ்சின் மேலே வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அதன் விசிறி உடையும். முட்டுக்காட்டு மணல்திட்டிலும், கரையில் படகை ஏற்றும் இடத்திலும் இதே நிலைதான்.

சின்ன எஞ்சினைக் கையால் தூக்கிவிடலாம். எடை நூறு கிலோவை நெருங்கும் எஞ்சின்களில் பெரும்பாலும் அந்த வேலையை ஆயில் செய்கிறது. 12 வோல்ட் மோட்டர் ஒரு குட்டி பம்பைச் சுழற்றும்; பம்ப் ஆயிலைச் சிலிண்டருக்குள் தள்ளும்; தண்டு நீண்டு எஞ்சின் எழும்பும். ஆயில் அழுத்தினால் சுருங்காது என்பதை நம்பித்தான் இந்த ஏற்பாடே. காற்று சுருங்கிவிடும். தேய்ந்த சீல் வழியே ஆயில் கசிந்து டேங்கில் குறைந்துபோனால், பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். அப்புறம் மோட்டர் இரையும்; எஞ்சின் அசையாது, அல்லது விட்டுவிட்டு உதறிக்கொண்டு ஏறும்.

முதலில் பேட்டரியைப் பாருங்கள். சார்ஜ் இறங்கிய பேட்டரியும் எஞ்சினை மெதுவாகத்தான் தூக்கும். அதைக் காற்று என்று நினைத்து ஆயிலில் கை வைப்பவர்கள் உண்டு.

கார் பிரேக்கில் ஏர் எடுக்க ஒரு நிப்பிள் இருக்கும்; அதைத் திறந்தால் குமிழி வெளியே வந்துவிடும். இங்கே பெரும்பாலான மாடல்களில் அப்படி எதுவும் கிடையாது. தண்டை முழுதாக ஏற்றி முழுதாக இறக்கும்போது காற்று ஆயிலோடு டேங்குக்குத் திரும்பும். அங்கே ஆயில் அசையாமல் நின்றால்தான் குமிழி பிரிந்து மேலே வரும். ஆகவே பட்டனை அழுத்துவது பாதி வேலை, காத்திருப்பது மீதி வேலை.

எஞ்சின் ஏறவே மறுத்தால் கையால்தான் தூக்க வேண்டும். அதற்கு ஆயிலை விடுவிக்கும் தட்டை ஸ்குரூ ஒன்று, எஞ்சினைப் படகோடு பிணைக்கும் பிராக்கெட்டின் பக்கவாட்டில் ஒரு துளைக்குள் இருக்கும். உப்புப் பூத்துக் கிடக்கும். துடைத்துவிட்டு, காடியில் சரியாகப் பொருந்தும் ஸ்குரூடிரைவரால் இடப்பக்கமாகத் திருகித் தளர்த்துங்கள். கழற்றி எடுக்கக் கூடாது. இரண்டு பேர் சேர்ந்து எஞ்சினைக் கையால் தூக்கி, தாங்கு கொக்கியைப் போட்டுவிடுங்கள். அந்தக் கொக்கி இல்லாமல் கீழே கையை நுழைக்கவே வேண்டாம்.

டேங்க் மூடியை எஞ்சின் மேலே இருக்கும்போது மட்டும் திறக்க வேண்டும். இறங்கிய நிலையில் திறந்தால் அழுத்தத்தில் ஆயில் முகத்தில் பீய்ச்சலாம். அளவும் தப்பாகக் காட்டும். துளையின் விளிம்புவரை ஆயில் நின்றால் போதும். பல யமஹா, சுசுகி எஞ்சின்களுக்கு ஜி.பி. ரோட்டுக் கடைகளில் கிடைக்கும் சிவப்பு ஏடிஎஃப் ஆயிலே பொருந்தும். ஆனாலும் உங்கள் எஞ்சினின் கையேட்டில் என்ன சொல்லியிருக்கிறதோ அதுதான் முடிவு. பிரேக் ஆயிலை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், ரப்பர் சீல்கள் ஊறிக் கெட்டுவிடும்.

மூடியையும் ஸ்குரூவையும் இறுக்கி, கொக்கியை எடுத்துவிட்டு, நான்கைந்து முறை முழுதாக இறக்கி ஏற்றுங்கள். கடைசியில் மேலே நிறுத்திக் கொக்கியைப் போட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். மூடியைத் திறந்தால் ஆயில் இறங்கியிருக்கும், சிவப்பின் மேல் நுரை கட்டியிருக்கும். நிரப்பி, மறுபடியும் அதே சுற்று. நுரை அடங்கி, அளவு இறங்காமல் நிற்கும்வரை இதைச் செய்ய வேண்டும். அவசரப்பட்டு, இடைவிடாமல் ஓட்டினால் நுரையையே பம்ப் திரும்பக் குடிக்கும், மோட்டரும் சூடாகும். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது; அதை முழுக்க வடித்துப் புது ஆயில் ஊற்றாமல் இந்த வேலையைத் தொடங்கிப் பயனில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கையால் தூக்கும் சில எஞ்சின்களில் தூக்கும் சுமையைக் குறைக்க, உயரழுத்த வாயு அடைத்த சிலிண்டர் இருக்கும். பார்வைக்கு ஆயில் சிலிண்டர் போலவே தெரியும். அதைத் திறக்கக் கூடாது.

வேலை முடிந்தபின், படகு கரையில் இருக்கும்போது கொக்கி போடாமல் எஞ்சினை மேலே நிறுத்தி, கீழே யாரும் போகாதபடி பார்த்துக்கொண்டு, தண்டின் நீளத்தை அளந்து வையுங்கள். மறுநாள் காலையில் நன்றாக இறங்கியிருந்தால் குறை காற்றில் இல்லை. தண்டு சீல் தேய்ந்திருக்கலாம், அல்லது தளர்த்திய ஸ்குரூவின் ஓ-ரிங் போயிருக்கலாம். அதை மாற்றும் வேலையை அக்டோபர் மழைக்கு முன்பே மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.