கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன்

மாலையில் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்குப் போனால் ஒருமுறை கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள். கிட்டப்பார்வை மட்டும் இருந்தால் தூரத்து ஷ்மிட் நினைவுச் சின்னம் முழுவதுமாகக் கலங்கும். 'சிலிண்டர் பவர்' இருந்தால் தெருவிளக்கு ஒரே திசையில் இழுபட்டுத் தெரியும், ஏனென்றால் அந்தக் கண்ணின் கார்னியா, அதாவது முன்புற ஒளிபுகு படலம், பந்தைப் போலன்றி முட்டையைப் போல ஒரு திசையில் கூடுதலாக வளைந்திருக்கிறது. லேசர் இரண்டையுமே கார்னியாவைச் செதுக்கித்தான் சரிசெய்கிறது.

அந்தச் செதுக்கலுக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் நம் ஊர்க்காரர் என்பது பலருக்குத் தெரியாது. 1929இல் சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன், 1981இல் அமெரிக்காவின் ஐபிஎம் ஆய்வகத்தில், நன்றி நவிலும் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டின்மீது எக்சைமர் லேசரைப் பாய்ச்சினார். 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் மூலக்கூறுகளின் பிணைப்பை அறுத்ததே தவிர, பக்கத்துத் திசுவைக் கருக்கவில்லை.

இன்று மூன்று முக்கிய முறைகள் உண்டு. பிஆர்கேயில் கார்னியாவின் மேல்தோலை நீக்கிவிட்டுச் செதுக்குவார்கள். சில நாள் வலி, பார்வை தெளிய வாரங்கள் ஆகும். லேசிக்கில் மெல்லிய மூடி ஒன்றை வெட்டித் திறந்து, உள்ளே செதுக்கி, மூடிவிடுவார்கள். மறுநாளே பார்வை தெளியும். ஆனால் மூடிக்காக நரம்புகள் அறுபடுவதால் சில மாதங்கள் கண் உலரும். ஸ்மைலில் மூடியே இல்லை. உள்ளேயே வில்லை வடிவில் திசுவை வெட்டி, 2 முதல் 4 மி.மீ. துளை வழியே எடுத்துவிடுவார்கள். கண் உலர்வது குறைவு. ஆனால் படுக்கும்போது கண் சற்றுச் சுழலும். சிலிண்டர் பவரில் கோணம் பிசகினால் பலன் குறையும். அதைத் தானாகவே கண்டு திருத்தும் வசதி பிஆர்கே, லேசிக்குக்கான எக்சைமர் கருவிகளில் முன்பே வந்துவிட்டது. ஸ்மைல் கருவியிலும் அது உண்டா என்று சிலிண்டர் அதிகமுள்ளவர்கள் மருத்துவரிடம் கட்டாயம் கேட்க வேண்டும்.

என்னைக் கேட்டால், புதிய முறை எது என்பதைவிட உங்கள் கார்னியாவின் தடிமன் என்ன என்பதே முதல் கேள்வி. 6 மி.மீ. அகலத்துக்குச் செதுக்க ஒரு பவருக்குச் சுமார் 12 மைக்ரான் போகும். கார்னியா 480 மைக்ரான், பவர் மைனஸ் 8 என்றால் செதுக்கலுக்கு 96, லேசிக் மூடிக்கு 110, மிஞ்சுவது 274. குறைந்தது 250 மிஞ்ச வேண்டும் என்பது விதி. இவ்வளவு நெருக்கத்தில் கவனமான மருத்துவர் தயங்குவார்.

கார்னியா கூம்பாகும் அறிகுறி ஸ்கேனில் தெரிந்தால் லேசிக்கே கூடாது. கான்டாக்ட் லென்ஸ் கார்னியாவின் வடிவத்தை மாற்றிக் காட்டும். அதனால் மருத்துவர் சொல்லும் நாட்களுக்கு அதைப் போடாமல் இருந்துவிட்டு ஸ்கேனுக்குப் போங்கள். "உங்களுக்கு வேண்டாம்" என்று அவர் சொன்னால், சரி என்று சொல்லும் வேறொரு மருத்துவமனையைத் தேடிப் போகாதீர்கள்.