உயிரணுவின் வாயிலில் ஒளி

சிலிக்காவிற்கு அடுத்த நிலையில் இந்தியாவின் பெரிய உவர்நீர்ப் பரப்பு பழவேற்காடு ஏரி. பருவமழையில் ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொணர, ஏரியின் உப்பு குறைகிறது. கோடையில் நீர் ஆவியாக, உப்பு மிகுகிறது. கடலில் பிறக்கும் இறால் குஞ்சுகள் முகத்துவாரத்தின் வழியே உள்ளே வந்து வளர்கின்றன. முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால் நீரின் தன்மை மாறும். கரையோர மீனவர்களின் பிழைப்பும் தடுமாறும்.

உப்பின் ஏற்றத்தாழ்வை மீன்களும் இறால்களும் மட்டும் எதிர்கொள்வதில்லை. நீரில் வீழ்ந்த இலையையும் மரத்துண்டையும் மட்கச் செய்து, சிற்றுயிர்களுக்கும் இறால்களுக்கும் உணவாக்கும் பூஞ்சைகளும் எதிர்கொள்கின்றன. வெளியே உப்பு மிகுந்தால் உயிரணுவிலுள்ள நீர் வெளியேறும். இதனைத் தடுக்க, உப்பைத் தாங்கும் ஈஸ்ட்டுகள் கிளிசராலைத் தம்முள் சேர்க்கின்றன. மிகுதியான சோடியத்தை வெளியேற்றுகின்றன. இந்த வரவுசெலவு நிகழும் எல்லையே உயிரணுச்சவ்வு. சோடியத்தை வெளியேற்றும் புரதங்கள் நுண்குமிழிகளில் ஏறியே சவ்வை அடைகின்றன. தேவையற்றவை குமிழிகளாக உள்வாங்கப்படுகின்றன.

இப்போக்குவரத்தைக் காண்பது எளிதன்று. மரபான மின்னணு நுண்ணோக்கி முறையில் உயிரணுவைக் கொன்று பதப்படுத்த வேண்டும். அப்போது இயக்கம் நின்றுவிடும். உயிருள்ள நிலையிலேயே அதனைக் காட்டுபவை ஒளிரும் சாயங்கள். அவற்றுள் ஒன்று எஃப்.எம். 4-64. இது நீரில் ஏறத்தாழ ஒளிர்வதில்லை. சவ்வின் கொழுப்பில் பதிந்ததும் செந்நிறமாய் ஒளிர்கிறது. சவ்வைத் தானாகக் கடக்க இதனால் இயலாது. ஆகவே, உள்ளே செந்நிறம் தெரிந்தால், சவ்வே குமிழியாகி அதனைச் சுமந்து வந்துள்ளது என அறியலாம்.

1995ஆம் ஆண்டில் தாமஸ் விடா, ஸ்காட் எமர் ஆகியோர் ஈஸ்ட்டில் இதனை மெய்ப்பித்தனர். 0 பாகை செல்சியஸில் சாயம் வெளிச்சவ்விலேயே நின்றது. வெப்பநிலையை உயர்த்தியதும் உள்ளே நகர்ந்து, வாக்குவோல் எனப்படும் சேமிப்பு, சிதைவுப் பையின் சவ்வில் வளையமாய் ஒளிர்ந்தது. இப்பயணத்திற்கு ஆற்றல் தேவை என்பதும் தெளிவாயிற்று. 2000ஆம் ஆண்டில் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வளரும் பூஞ்சையிழைகளில் இதே சாயத்தைச் செலுத்தி, இழையின் நுனியில் குமிழிகள் திரளும் இடம் ஒளிர்வதைக் கண்டனர்.

சாயமோ ஒளியோ மிகுந்தால் உயிரணு நலிவுறும். எனவே இரண்டையும் அளவோடு பயன்படுத்த வேண்டும். ஏரியின் பூஞ்சையை வெவ்வேறு உப்பளவில் வளர்த்து, சாயம் உள்ளே செல்லும் வேகத்தை ஒப்பிட்டால், அது எந்த அளவில் தளர்கிறது என்பதை அறிய வழி பிறக்கும். இலை மட்கும் வேகத்தை அத்தளர்ச்சி பாதிக்கலாம். அம்மட்கே ஏரியின் இறால்களுக்கு உணவு.