வலையமைப்புக் கருவிப் பெயர்கள்: ஒரு சொல்லாய்வு

புதுத் துறைக்குச் சொல்லாக்குவார் இருவகைப் பிழைக்கு உள்ளாதல் உண்டு. பிறமொழிச் சொல்லின் நேர்ப்பொருளை மட்டும் நோக்கி, அது குறிக்கும் கருவியின் தொழிலை நோக்காமை ஒன்று. தொழிலை அறிந்தும் தமிழ்ச் சொல்லாக்க மரபைப் பேணாமை மற்றொன்று. கணினி வலையமைப்புக் கருவிகள் மூன்றன் பெயர்களைக் கொண்டு இவற்றை ஈண்டு ஆராய்வாம்.

முதலாவது சர்வர். இச்சொல் கணினியோடு தமிழகம் புகுந்ததன்று. மயிலாப்பூர், தியாகராய நகர் உணவு விடுதிகளில் பரிமாறுவாரைச் சென்னை மக்கள் முன்னரே இப்பெயரால் அழைத்தனர். 1964இல் வெளிவந்த 'சர்வர் சுந்தரம்' என்னும் திரைப்படப் பெயரே சான்றாகும். கேட்டார்க்குக் கேட்டதைக் கொணர்ந்தளித்தல் அவர் தொழில். பிற கணினிகளின் வேண்டுகோளை ஏற்றுக் கோப்பு, வலைப்பக்கம், அஞ்சல் முதலியன தருதலின், கணினிச் சர்வரின் தொழிலும் அதுவே. இதற்கு 'வழங்கி', 'சேவையகம்' என இரு பெயர்கள் வழங்குகின்றன. முன்னது 'வழங்கு' என்னும் பகுதியோடு வினைமுதற்பொருள் தரும் இகர விகுதி பெற்றது. வினையெச்சத்தோடு வடிவொத்து மயங்குமே எனின், மயங்காது. இடிதாங்கி, சுமைதாங்கி என்பனவும் அவ்வடிவினவே. பின்னது 'அகம்' என முடிதலின், நூலகம், உணவகம் போல இடத்தையே நினைப்பிக்கும். ஒரு பொறியினுள் இயங்கும் மென்பொருளும் சர்வர் எனப்படுதலின், இடப்பெயர் அதற்குச் சிறிதும் பொருந்தாது. ஆகலின் 'வழங்கி' என்பதே தக்கது.

இரண்டாவது சுவிட்சு. இதனை 'நிலைமாற்றி' என எழுதுவார் உளர். அது விளக்கை ஏற்றி அணைக்கும் மின்கருவிக்குப் பொருந்தும். வலையமைப்புச் சுவிட்சோ, ஒரே வலையமைப்பிற்குட்பட்ட கருவிகளுள் எதற்குரிய தரவு என்பதை வன்பொருள் முகவரியால் அறிந்து, உரிய வாயிலில் மட்டும் செலுத்துவது. தொலைபேசி நிலையத்தில் இணைப்பினை மாற்றித் தந்த தொழிலே இப்பெயர்க்கு மூலமாதலின், 'இணைப்பு மாற்றி' என்பது நேரிது.

மூன்றாவது ரவுட்டர். வெவ்வேறு வலையமைப்புகளுக்கிடையே, இணைய நெறிமுறை முகவரி நோக்கி வழி தேர்ந்து பொதிகளைச் செலுத்துவது இது. இதனைத் 'திசைவி' என்பர். 'திசை' என்பது பக்கத்தைக் குறிக்குங்கால் பெயர்ச்சொல். வினையாகுங்கால் 'திசைத்தல்' எனத் திகைத்தற் பொருளே தரும். வழிகாட்டும் கருவிக்குத் திகைக்கும் வினையினின்று பெயர் பிறந்ததென்றல் நகைக்கு இடனாம். 'வழிப்படுத்தி' இலக்கணத்திற்கும் தொழிலுக்கும் ஒத்தது. எனினும், வழக்கு வலிது. 'திசைவி' வேரூன்றிவிட்டதெனின் அதனை இடுகுறியாகக் கொள்ளலாம்; காரணப்பெயரென நிறுவ முயலல் வேண்டா.

ரிச்சி தெருக் கடைகளில் சர்வர், சுவிட்சு, ரவுட்டர் என்றே கேட்டு வாங்குகின்றனர். ஆண்டுப் பொருள் மயக்கம் இல்லை. மயக்கம் நேர்வது தமிழ்வழிக் கணினி பயிலும் மேனிலைப்பள்ளி மாணவர்க்கே. ஒரு நூலில் 'வழங்கி' எனவும் பிறிதொன்றில் 'சேவையகம்' எனவும் கற்பவர், இருவேறு கருவிகள் உளவென்று கருதுதல் இயல்பு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டின் பயனாக விசைப்பலகைக்குப் பொது அமைப்பொன்று உண்டாயிற்று. கலைச்சொற்கும் அத்தகு உடன்பாடு வேண்டும். ஒரு பொருட்கு ஒரு பெயரே பாடநூல்களில் நிலைபெறச் செய்தல் தமிழ்த்துறையும் கணினித்துறையும் ஒருங்கிருந்து ஆற்றுதற்குரிய கடனாகும்.