கருவியே திணறிய நிலநடுக்கம்: துண்டான பதிவை மீட்க முடியுமா?

2011 மார்ச் 11, பிற்பகல் 2.46 மணி. ஜப்பானின் வடகிழக்குக் கடலுக்கு அடியில் பெரும் நிலநடுக்கம். மூன்றே நிமிடத்தில் ஜப்பான் வானிலை ஆய்வு மையம் சுனாமி எச்சரிக்கை விடுத்தது. அதற்கு அடிப்படையாக எடுத்துக்கொண்ட அளவு 7.9. ஆனால் உண்மையான அளவு 9.0.

வெறும் 1.1 தானே வித்தியாசம் என்று தோன்றலாம். ஆற்றல் கணக்கில் அது சுமார் 45 மடங்கு!

நாடு முழுக்கக் கருவிகளை நட்டு வைத்திருக்கும் ஜப்பான் எங்கே சறுக்கியது?

முதல் கணக்கு ஏன் குறைந்தது?

சுனாமி எச்சரிக்கைக்கு அவசரம் முக்கியம். அதனால் முதல் சில நிமிட அதிர்வை மட்டும் வைத்து ஒரு விரைவுக் கணக்கு போடுவார்கள். இதில் ஒரு குறை உண்டு. நிலநடுக்கம் 8-ஐத் தாண்டினால், அது எவ்வளவு பெரியதாக இருந்தாலும் கணக்கில் வரும் எண் பெரிதாக ஏறாது.

இது நிபுணர்களுக்குத் தெரிந்த குறைதான். அதைச் சரிசெய்ய இரண்டாவது கணக்கு ஒன்று இருந்தது. மிக மெதுவான அதிர்வுகளையும் பிடிக்கும் 'பிராட்பேண்ட்' நில அதிர்வுமானிகளை வைத்து, சுமார் 15 நிமிடத்தில் சரியான அளவைச் சொல்லிவிடலாம். அன்றைக்கு அது நடக்கவில்லை. உள்நாட்டில் இருந்த அந்த வகைக் கருவிகள் ஏறக்குறைய எல்லாமே எல்லை மீறித் திணறிவிட்டன.

கருவி எப்படித் திணறுது?

100 கிலோ வரை மட்டுமே காட்டும் எடை மெஷினில் 140 கிலோ ஏற்றினால் என்ன ஆகும்? முள் 100-லேயே முட்டி நிற்கும். இங்கேயும் அதே கதைதான்.

கருவிக்குள் ஸ்பிரிங்கில் ஒரு எடை இருக்கும். நிலம் ஆடும்போது அந்த எடையை அசையவிடாமல் ஒரு மின்சுற்று பிடித்து வைக்கும். அதற்கு எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்பதுதான் பதிவு. உலகம் முழுக்கப் பரவலாகப் பயன்படும் 'எஸ்டிஎஸ்-2' கருவி, நிலம் விநாடிக்கு சுமார் 13 மில்லிமீட்டர் வேகத்தில் அசையும் வரைதான் தாங்கும். பூமியின் மறுபக்கத்து நிலநடுக்கத்தைக்கூடப் பிடிக்கும் நுட்பமான கருவி அது. அந்த நுட்பமே பக்கத்தில் நடக்கும் பெரிய நிலநடுக்கத்தில் எதிரியாகிவிடுகிறது.

விளைவு, அலையின் உச்சி கத்தியால் சீவியதுபோலத் தட்டையாகிவிடும். இதைத்தான் 'கிளிப்பிங்' என்கிறார்கள். செண்டை மேளத்துக்குப் பக்கத்தில் நின்று வாய்ஸ் நோட் அனுப்பினால் கரகரவென்று கேட்குமே, அதுவும் இதேதான்.

எப்படி மீட்கிறார்கள்?

முதல் வழி, கணிதம். சீவப்படாத பகுதி உண்மையானது, அதைத் தொடக்கூடாது. சீவப்பட்ட இடத்தில் உண்மையான உயரம் கருவியின் எல்லைக்கு மேலேதான் இருந்திருக்கும். நில அலை திடீரென்று தாறுமாறாகத் தாவாது, அதற்கு ஒரு அதிர்வெண் வரம்பு உண்டு. இந்த மூன்று நிபந்தனைகளும் ஒன்றாகப் பொருந்தும் வரை கணினி அலையைத் திரும்பத் திரும்பத் திருத்தும். முறை சரியா என்று சோதிக்க, நல்ல பதிவு ஒன்றை வேண்டுமென்றே சீவி, மீட்டு, அசலோடு ஒப்பிடுவார்கள்.

இரண்டாவது வழி, பக்கத்து சாட்சி. வலுவான அதிர்வுக்கென்றே செய்த முடுக்கமானிகள் அவ்வளவு எளிதில் திணறாது. அதே 2011 நிலநடுக்கத்தில் மியாகி மாகாணத்தின் சுகிடாட்டேயில் 2,933 கால் முடுக்கம் பதிவானது. புவியீர்ப்பைப்போல ஏறக்குறைய 3 மடங்கு! இந்தப் பதிவிலிருந்து நிலத்தின் வேகத்தைக் கணக்கிடலாம். ஆனால் கருவி லேசாகச் சாய்ந்திருந்தாலும் பிழை சேர்ந்துகொண்டே போகும்.

மூன்றாவது வழி, தொலைவில் உள்ள கருவிகள். அலை அங்கே போய்ச் சேரும்போது வலு குறைந்திருக்கும், பதிவும் முழுசாகக் கிடைக்கும். ஜப்பானும் கடைசியில் வெளிநாட்டுத் தரவை வைத்துத்தான் 8.8 என்ற அளவுக்கு வந்தது. அதற்குள் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. 9.0 என்று அறிவித்தது மார்ச் 13-ல்.

அப்போ பிரச்சினை தீர்ந்ததா?

ஆய்வுக்கு, பெருமளவு ஆம். கிளிப்பிங் சில விநாடிகள்தான் என்றால் மீட்பு நன்றாகவே வரும். நீண்ட நேரம் திணறியிருந்தால், சீவப்படாத பகுதியைக்கூட நம்ப முடியாது. எப்படிப் பார்த்தாலும் மீட்டெடுத்த உச்சி என்பது கட்டுப்பாடான ஊகம்தான், அளவீடு அல்ல.

உயிரைக் காப்பாற்றுவதற்கு? அங்கே நேரம்தான் எல்லாமே. முதல் எச்சரிக்கை மியாகிக்கு 6 மீட்டர், இவாத்தே, ஃபுகுஷிமாவுக்கு 3 மீட்டர் அலை என்றது. கடலில் இருந்த ஜிபிஎஸ் மிதவைகள் பெரிய அலையைக் காட்டிய பிறகு, 3.14 மணிக்கு மியாகிக்கு 10 மீட்டருக்கு மேல், மற்ற இரண்டுக்கும் 6 மீட்டர் என்று உயர்த்தினார்கள். அதற்குள் பல இடங்களில் மின்சாரம் போய்விட்டது. புதிய எண் எல்லோரையும் எட்டவில்லை. '3 மீட்டர்தானே, தடுப்புச்சுவரைத் தாண்டாது' என்று நினைத்துச் சிலர் கிளம்பத் தாமதித்ததை அந்த மையமே பிறகு பதிவு செய்தது. இந்தப் பேரிடரில் 18,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல்போனார்கள்.

என்ன மாறியது?

மெதுவான அதிர்வையும் பிடிக்கும், பலத்த ஆட்டத்தையும் தாங்கும் புதிய வகைக் கருவிகளை ஜப்பான் 80 இடங்களில் நிறுவியது. 2013 மார்ச் முதல் இன்னொரு மாற்றம். மிகப்பெரிய நிலநடுக்கமாக இருக்கலாம், அளவு உறுதியில்லை என்றால் முதல் எச்சரிக்கையில் மீட்டர் கணக்கே சொல்வதில்லை. 'மிகப்பெரியது' என்று மட்டும் அறிவிப்பார்கள்.

அடுத்த முறை உங்கள் போனில் நிலநடுக்க நோட்டிஃபிகேஷன் வந்தால், அந்த முதல் எண் மாறக்கூடியது என்பதை நினைவில் வையுங்கள். கடலோரத்தில் இருக்கும்போது நிலம் பலமாகவோ நீண்ட நேரமோ ஆடினால், எண்ணுக்காகவே காத்திருக்க வேண்டாம். உடனே மேட்டுப்பகுதிக்குக் கிளம்புங்கள்.